கானாடுகாத்தான் விலக்கில் ராத்திரி பஞ்சர்

காரைக்குடியிலிருந்து போன் போட்டு வரவழைத்த பஞ்சர் அண்ணன் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். வந்ததும் ஜாக்கியைத் தொடவில்லை, முதலில் நாற்பது ஐம்பது தப்படி பின்னால் நடந்து போய்ச் சிவப்பு முக்கோணத்தை வைத்துவிட்டு, ஒளிரும் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டுதான் குனிந்தார். அதற்கே முழு மார்க் கொடுக்கலாம். அப்படியும் ஒரு பஸ் அவர் முதுகை உரசாத குறையாகப் பறந்தது, கையிலிருந்த ஸ்பேனர் நழுவி மண்ணில் விழுந்தது.

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், ஓரமாக விளக்குப் போட்டு நிற்கும் அவசர வண்டியைக் கண்டால் தள்ளிப் போகணும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்கணும் என்று சட்டம் உண்டு. இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம். சரி, பஞ்சர் ஒட்டுகிறவருக்கு?

கூலி 600. பில்தான் தரவில்லை.