அப்பா அம்மாவுக்குப் போட்ட ஃபுளூ ஊசி: மழைக்கு முன்னாடியே போட்டுவிடுங்கள்

ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் சென்னையில் வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் படுத்திருப்பார்கள். ஊசி போட்ட பிறகு எதிர்ப்பு சக்தி வரவே இரண்டு வாரம் ஆகும் என்பதால், செப்டம்பரிலேயே அப்பா அம்மாவை எங்கள் ஏரியா கிளினிக்குக் கூட்டிப்போய் இன்ஃபுளூவாக் டெட்ரா என்கிற ஃபுளூ ஊசியைப் போட்டுவிட்டோம். மத்திய அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை, ஆளுக்குக் கிட்டத்தட்ட 2000 ரூபாய் ஆனது. அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு வீசிங். ஃபுளூ முற்றி நிமோனியாவாகி ஐசியூ வரை போனால் ஆகும் செலவுக்கும் அலைச்சலுக்கும் முன்னால் இது ஒன்றுமே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அங்கிருந்த நர்ஸ். நாங்கள் கேட்காமலேயே ஃபிரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டரைக் காட்டினார், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டுமாம். அப்புறம் பெட்டியில் எக்ஸ்பைரி தேதியையும் எந்த சீசனுக்கான மருந்து என்பதையும் எங்களையே படிக்கச் சொன்னார். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் மருந்தையும் மாற்றுகிறார்கள், போன வருடம் போட்டது இந்த வருடத்துக்குப் போதாது. எங்கே போட்டாலும் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

குறை ஒன்று உண்டு. காய்ச்சலோடு இருமுகிறவர்களையும் ஊசிக்கு வந்த வயதானவர்களையும் ஒரே ஹாலில் உட்கார வைக்கிறார்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு போங்கள்.

அம்மாவுக்குக் கை வலித்தது, அப்பாவுக்கு லேசான அசதி, மறுநாளே சரி. இதில் உயிருள்ள வைரஸ் கிடையாது, ஊசியால் ஃபுளூ வராது. ஆனால் ஊசி போட்டவர்களுக்கும் ஃபுளூ வரலாம், ஊசி மருந்து அப்போது பரவும் வைரஸோடு நன்றாகப் பொருந்துகிற வருடங்களிலேயே டாக்டரிடம் போகும் அளவுக்கு வருவது 40 முதல் 60 சதவீதம்தான் குறையும். அதனால் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும். சாதாரணச் சளி மெல்லத்தான் வரும். ஃபுளூ அப்படியில்லை, காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் குளிர் நடுக்கம், அடித்துப்போட்ட மாதிரி உடம்பு வலி, வறட்டு இருமல் என்று படுத்துவிடுவார். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும். 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்தால் ஃபுளூ வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மருந்து நன்றாக வேலை செய்யும். தயவுசெய்து மெடிக்கலில் நீங்களாக அசித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போடாதீர்கள், அது ஃபுளூ வைரஸைக் கொல்லாது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, பேச்சில் குழப்பம், விட்ட காய்ச்சல் மறுபடி ஏறுவது, இதில் எது தெரிந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

முதல் தடவையாகப் போடும் 9 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 4 வாரம் விட்டு 2 ஊசி வேண்டும், அவர்களுக்கு ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள்.