பாரம் சுமக்கும் பிக்கப்புக்கு எந்த டயர்? பி.எஃப்.குட்ரிச் கேஓ2 பற்றிப் பினாங்கிலிருந்து ஒரு மதிப்பீடு

மலேசியாவின் பினாங்கில், பெருநிலப் பகுதியிலுள்ள பிறை நகரிலிருந்து சிமெண்ட் மூட்டைகளும் டைல்ஸ் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு தீவிலுள்ள பாலிக் பூலாவ் வரை போய்வரும் எங்கள் டொயோட்டா ஹைலக்ஸில், வண்டியோடு வந்த நெடுஞ்சாலை வகை டயர்கள் தேய்ந்த பிறகு, பி.எஃப்.குட்ரிச் நிறுவனத்தின் ஆல்-டெரெய்ன் (தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்குமான) டி/ஏ கேஓ2 டயர்களைப் பொருத்தியிருக்கிறோம். இந்த டயரை வாங்குவோரில் பலர் அதன் முரட்டுத் தோற்றத்துக்காகவே வாங்குகிறார்கள். நான் பார்த்தது பக்கச்சுவரில் இருக்கும் எண்ணை: எல்.டி. 265/65 ஆர்17 120/117 எஸ். எல்.டி. என்பது இலகுரகப் பாரவண்டி (லைட் டிரக்) வகை, அடுத்து வருவது டயரின் அளவு, பிறகு சுமை எண்கள், கடைசி எழுத்து வேகக் குறியீடு. டயர் நீண்ட நாள் உழைக்குமா என்ற கேள்விக்கு, தரையைத் தொடும் பட்டைகளின் வடிவத்தைவிட இந்த வரியே அதிகம் பதில் சொல்கிறது.

இதே அளவில் பெரும்பாலான பிக்கப்புகளுக்குத் தொழிற்சாலையிலிருந்து வரும் டயரில் 112 எஸ் என்று இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ வரை தாங்கும். 120 என்றால் 1,400 கிலோ. அடுத்து வரும் 117 இரட்டைச் சக்கரம் பூட்டிய வண்டிகளுக்கானது என்பதால் நமக்கு அது தேவையில்லை. கடைகளில் இந்த 120 டயரைப் 'பத்து பிளை' என்று சொல்லி விற்பார்கள். உள்ளே பத்து அடுக்குத் துணி இருப்பதாக இதற்குப் பொருள் இல்லை. பருத்தி நூலில் டயர் செய்த காலத்து அளவுகோல் இன்றும் வலிமையைக் குறிக்கும் தரப்பெயராகத் தொடர்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-250 போன்ற கனரகப் பிக்கப்புகளுக்கு 'ஈ' எனப்படும் இந்தச் சுமைப் பிரிவு வழக்கமானது. நம் ஊரில் ஓடும் ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன் ஆகியவை ஒரு டன் வகை வண்டிகள். கணக்குப்படி பார்த்தால் 112 போதும். ஆனால் முழுச் சுமையோடு அடிக்கடி ஓடும் வண்டியில் அந்தக் கூடுதல் வலிமை ஆடம்பரம் ஆகாது. சாலைக் குழியில் பின்சக்கரம் இறங்கும்போது டயர் வாங்கும் அடி எந்தச் சுமை அட்டவணையிலும் இருப்பதில்லை.

டயரைச் சீக்கிரம் கொல்வது வெப்பம். காற்று குறைவாக இருக்கும்போது பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து விரிகிறது. அந்த மடிப்பில் சூடு பிறக்கிறது. சூட்டில் ரப்பரும் உள்ளிருக்கும் எஃகு இழை அடுக்கும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்குகின்றன. நண்பகல் வெயிலில் பினாங்குப் பாலத்தைக் கடக்கும் பாரவண்டிக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேஓ2 டயரின் பக்கச்சுவர் தடிமனானது. பாலைவனப் பந்தயத்துக்கான தன் பாஜா டயரில் கற்றதை இதில் பயன்படுத்தியதாக நிறுவனம் கூறுகிறது. தேயும் பட்டையின் ஆழமும் சுமார் 12 மில்லிமீட்டர். நெடுஞ்சாலை வகையில் இது பெரும்பாலும் 8 முதல் 9 மில்லிமீட்டர்தான். சட்டப்படியான குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்பதால், தேய்வதற்கென்று கிடைக்கும் ரப்பர் இங்கே கணிசமாகக் கூடுகிறது.

அமெரிக்காவில் இந்த டயருக்கு 50,000 மைல், அதாவது ஏறக்குறைய 80,000 கிலோமீட்டர் தேய்மான உத்தரவாதம் தரப்பட்டது. அந்த எண்ணை இங்குள்ள கடைக்காரர் சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள். அது அந்நாட்டு நிபந்தனைகளோடு கட்டப்பட்ட உத்தரவாதம். அதேபோல், கார் டயர்களில் அச்சிடப்படும் தேய்மான எண்ணை எல்.டி. வகை டயரில் தேட வேண்டாம். அமெரிக்கத் தர விதியே இவ்வகைக்கு விலக்கு அளித்திருக்கிறது.

எல்.டி. டயர் வாங்குபவர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் காற்றழுத்தம். நான் எதிலாவது பிடிவாதம் காட்டுவேன் என்றால் இதில்தான். ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும் அழுத்த அட்டவணை, வண்டியோடு வந்த டயருக்காக எழுதப்பட்டது. சாதாரண டயர் தன் முழுச் சுமையை ஏறக்குறைய 36 பி.எஸ்.ஐ. அழுத்தத்திலேயே தாங்கிவிடும், 'ஈ' பிரிவு டயரோ தன் 1,400 கிலோவை 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில்தான் தாங்கும். ஆகவே அதே பழைய அழுத்தத்தை நிரப்பினால், அதிகப் பணம் கொடுத்து வாங்கிய வலுவான டயர் பழைய டயரைவிடக் குறைந்த சுமையையே தாங்கும் என்ற விசித்திரம் நிகழ்கிறது. அதற்காக 80 வரை ஏற்றவும் கூடாது. வெறும் வண்டி அப்போது துள்ளும், பட்டையின் நடுப்பகுதி மட்டும் தேயும். தயாரிப்பாளரின் சுமை-அழுத்த அட்டவணையைப் பார்த்து, பின்அச்சில் விழும் பாரத்துக்கு ஏற்ற அளவை நிரப்புவதே முறை. சிமெண்ட் ஏற்றும் நாள்களில் பின்சக்கரங்களுக்கு 50 பி.எஸ்.ஐ. வைக்கிறோம், இறக்கிய பின் குறைத்துவிடுகிறோம். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பெட்ரோல் நிலையத்துக்கு ஓட்டிப்போய் அளந்தால் சூட்டில் ஏறிய அழுத்தத்தைத்தான் கருவி காட்டும்.

ஈரச் சாலையைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் நீண்ட உழைப்பும் ஈரப்பிடிப்பும் ஒன்றையொன்று இழுக்கும் குணங்கள். மெதுவாகத் தேயும்படி கலந்த ரப்பர், மழையில் நனைந்த தாரில் மென்மையான ரப்பரைப் போல ஒட்டிக்கொள்வதில்லை. இது ஆல்-டெரெய்ன் வகைக்கே பொதுவான குறை. பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலையைச் சுற்றி இறங்கும் துன் சார்டோன் சாலையில், மாலை மழைக்குப் பின் பாரத்தோடு இறங்குபவர் இதை மனத்தில் வைத்து முன்கூட்டியே கியரைக் குறைக்க வேண்டும். பக்கச்சுவரில் மலையும் பனித்துகளுமாக ஒரு சின்னம் இருக்கிறது; பனிப்பொழிவுத் தேர்வில் தேறியதற்கான அடையாளம் அது. பினாங்கில் அதற்கு என்ன பயன் என்று கேட்காதீர்கள். ஆனால் டுரியான் காலத்தில் பாலிக் பூலாவ் தோட்டங்களின் சரிவான மண்பாதையில் ஏறும்போது, இடைவெளி விட்ட பட்டைகள் சேற்றை உதறிவிட்டு நடப்பதை நன்றாக உணரலாம்.

வேறு செலவுகளும் உண்டு. எல்.டி. டயர் கனமானது, உருளும்போது ஏற்படும் தடையும் கூடுதல்; அதனால் டீசல் அதிகம் செலவாகும். தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை 2024 ஜூன் 10 அன்று லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியபோது, எங்களைப் போன்றவர்கள் எரிபொருள் கணக்கைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினோம். இரைச்சல் இருக்கிறது, தேயத் தேய அது கூடவும் செய்யும். வேலை வண்டிக்கு அது பெரிய பொருட்டல்ல, குடும்பத்தோடு ஈப்போ வரை போகிறவர்களுக்குப் பொருட்டாகலாம்.

ஆகவே என் பரிந்துரை எல்லோருக்கும் ஒன்றல்ல. பின்பெட்டி பெரும்பாலும் காலியாகவே ஓடும் பிக்கப்புக்கு நல்ல நெடுஞ்சாலை வகை டயரே போதும். விலை, ஈரப்பிடிப்பு, டீசல் என மூன்றிலும் அது மேல். பாரமும் மண்பாதையும் கலந்த வேலைக்குக் கேஓ2 பொருந்துகிறது. அதன் விலை அதிகம் என்று தோன்றினால், தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கில் தொழிற்சாலை வைத்திருக்கும் டோயோ நிறுவனத்தின் ஓபன் கன்ட்ரி ஏ/டி III டயரை எல்.டி. அளவில் கேட்டுப் பார்க்கலாம். தார்ச்சாலையில் நாளெல்லாம் ஓடும் வண்டிக்குச் சேற்று டயரை மாட்டுவது பணத்தைத் தேய்ப்பதுதான். 'செலுப்' எனப்படும் மறுபட்டையிட்ட டயர்கள் லாரிகளுக்குப் பழகியவை. வாங்குவதாக இருந்தால் எம்.எஸ். 224 என்ற மலேசியத் தரமுத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் காசு கொடுக்கும் முன், பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படிக்க வேண்டும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. கேஓ3 என்ற அடுத்த தலைமுறை டயர் 2024இல் அமெரிக்காவில் அறிமுகமாகிவிட்டதால், கேஓ2 பழைய இருப்பாகக் கிடைக்கக்கூடும். இந்தச் சோதனை இப்போது இன்னும் அவசியம். தீவில் ஒரு கடையில், நான்கு டயருக்குள் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் சரக்கைக் கலந்து காட்டினார்கள்; கேட்டதும் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்கள். கேட்காதவருக்கு என்ன கொடுப்பார்களோ தெரியாது.

பொருத்திய பின் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின்னாக இடம் மாற்றுவதும், அலைன்மென்ட் பார்ப்பதும் தவறக் கூடாது. பாரமேற்றும் பிக்கப்பில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரேமாதிரி தேய்வதே இல்லை. கையில் பணம் இருந்தால் நான்குக்குப் பதில் ஐந்தாக வாங்குங்கள். பின்பெட்டிக்கு அடியில் தொங்கும் மாற்றுச் சக்கரத்தில் பழைய 112 டயரே கிடந்தால், பாரத்தோடு போகும் நாளில் பஞ்சரானதும் வண்டியின் ஒரு மூலை அந்தப் பழைய டயரை நம்பித்தான் வீடு திரும்ப வேண்டியிருக்கும்.