ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? கிட்டார் பிக்கப்பின் கம்பியும் காந்தமும் சொல்வது

என் மேசையில் இரண்டு ஹம்பக்கர்கள், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் இரட்டைச் சுருள் பிக்கப்புகள், பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டின் நெற்றியிலும் சீமோர் டங்கன் என்ற பிக்கப் கம்பெனியின் எழுத்து. இரண்டும் கறுப்பு. இரண்டும் அந்தக் கம்பெனியின் ஜேபி மாடல், அதாவது எஸ்ஹெச்-4 என்று சொல்லி விற்கப்பட்டவை. ஒன்று பத்து வருடமாக என் கிட்டாரின் பிரிட்ஜ் பக்கம் இருந்தது. இன்னொன்றை ஒரு தம்பி இணையத்தில் பாதி விலைக்கும் கீழே வாங்கி, "சத்தம் என்னவோ மாதிரி இருக்குண்ணா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கொண்டுவந்து கொடுத்தான்.

எழுத்தை மட்டும் காட்டி எது அசல் என்று கேட்டால் நானும் தடுமாறுவேன். போலி செய்கிறவருக்கு இருப்பதிலேயே சுலபமான வேலை லோகோ அச்சடிப்பதுதான். கம்பெனிகளும் ஸ்டிக்கரை அவ்வப்போது மாற்றுகின்றன. ஆகவே "என்னுடையதில் எழுத்து கொஞ்சம் தடிமனாக இருக்கிறதே" என்று படம் போட்டுக் கேட்பதில் பெரிய பயன் இல்லை. மல்டிமீட்டரை எடுங்கள்.

மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்தேன். டங்கன் ஹம்பக்கரில் நான்கு நிற வயர்களும் ஒரு வெற்றுக் கம்பியும் வரும். கறுப்பும் வெள்ளையும் ஒரு சுருளின் இரு முனைகள். சிவப்பும் பச்சையும் இன்னொரு சுருளின் இரு முனைகள். என் பழைய பிக்கப்பில் கறுப்பு-வெள்ளை 8.5, சிவப்பு-பச்சை 8.4. கூட்டினால் 17-ஐ ஒட்டி வருகிறது. ஜேபிக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு 16.4 கிலோ ஓம். மிச்சம் வெயில் செய்த வேலை. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். பத்து டிகிரி அதிகச் சூட்டில் அளந்தால் அரை கிலோ ஓமுக்கு மேல் ஏறிக் காட்டும். இது தெரியாமல் நல்ல பொருளைப் போலி என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. சால்டர் வைத்த கையோடு அளக்காதீர்கள், ஆற விடுங்கள்.

தம்பி வாங்கியதில் கறுப்பு-வெள்ளை வைத்தால் மீட்டர் அசையவே இல்லை. சுருள் அறுந்துவிட்டதோ என்று ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டுப் பார்த்தேன். சிவப்பு-கறுப்பு 4.1. பச்சை-வெள்ளை 4.1. மொத்தம் 8.2. இது டிமார்சியோ என்ற இன்னொரு பிக்கப் கம்பெனியின் வயர் வரிசை! டங்கன் என்று எழுதிய பிக்கப்பில் டிமார்சியோவின் நிறக் கணக்கு. அதிலும் ஜேபியின் பாதி மின்தடை. டங்கனின் வரைபடத்தைப் பார்த்து இதைக் கிட்டாரில் பொருத்தினால் ஒரு சுருள் தலைகீழாக இணைந்து, இரண்டு சுருளின் சத்தமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். சத்தம் சன்னமாகக் கேட்டதற்குக் காரணம் தேடவேண்டிய அவசியமே இல்லை.

மொத்த ஓம் சரியாக இருந்தால் மட்டும் அசல் என்று நம்பிவிட வேண்டாம். இன்னும் மெல்லிய கம்பியைக் குறைவாகச் சுற்றினாலும் 16 வந்துவிடும். அந்த நிலையில் காந்தத்தைப் பார்க்க வேண்டும். ஜேபியில் இருப்பது அல்நிகோ 5. அல்நிகோ ஓர் உலோகக் கலவை, மின்சாரத்தைக் கடத்தும். மலிவுப் பிக்கப்புகளில் பெரும்பாலும் இருப்பது செராமிக். கரி போலக் கறுத்து, மின்சாரத்தைக் கடத்தாமல் இருக்கும். கம்பி சுற்றிய இரு பாபின்களுக்கும் அடியில் நடுவே, பிக்கப்பின் குறுகிய முனையில், காந்தத்தின் ஓரம் தெரியும். மெழுகை நகத்தால் சுரண்டிவிட்டு, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலைக்கு மாற்றிய மீட்டரின் இரண்டு ஊசிகளையும் அந்த ஓரத்தில் வைத்தேன். பழையதில் பீப் சத்தம். புதியதில் மௌனம்.

நிறமும் சில சமயம் துப்பு கொடுக்கும். மேல்மூடி இல்லாத ஹம்பக்கரில் இரண்டு பாபினும் க்ரீம் நிறத்தில் இருப்பது அமெரிக்காவில் டிமார்சியோவின் வணிகச் சின்னம். வேறு அமெரிக்கக் கம்பெனியின் பெயரோடு இரட்டைக் க்ரீம் பிக்கப் வந்தால் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை யோசியுங்கள்.

அசலுக்கும் போலிக்கும் நடுவே ஒரு ரகம் இருக்கிறது. அதை அநியாயமாகப் போலிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். நடுத்தர விலைக் கிட்டார்களில் 'டங்கன் டிசைன்ட்' என்று வரும் பிக்கப்புகள் ஆசியாவில் தயாரானாலும் கம்பெனியின் உரிமத்தோடு வந்தவை. எச்பி-102, எச்பி-103 போன்ற எண்களால் அடையாளம் தெரியும். ஈஎம்ஜி என்ற பிக்கப் கம்பெனியிலும் இதே குழப்பம். ஈஎம்ஜி என்றால் பேட்டரி இருந்தாக வேண்டும் என்று நினைக்கிறோம், ஆனால் அவர்களுடைய எச்இசட் வரிசை பேட்டரி இல்லாத பாசிவ் ரகம்தான். அதைப் பார்த்துப் போலி என்று கத்தக் கூடாது.

பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் ரகமான ஈஎம்ஜி 81-க்கு இதுவரை சொன்ன சோதனை எதுவும் செல்லாது. உள்ளே சிறு ஆம்ப்ளிஃபையர் இருப்பதால் வெளியே அளக்கும் ஓம் சுருளின் கணக்கைச் சொல்லாது. மொத்தமும் எபாக்சி பிசினில் மூழ்கியிருப்பதால் காந்தத்தையும் தொட முடியாது. ஆனால் போலியைப் பிடிப்பது இங்கேதான் இன்னும் சுலபம். 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிட்டு வாசியுங்கள். அசல் 81 ஊமையாகிவிடும். பேட்டரி இல்லாமலும் தாராளமாகச் சத்தம் வந்தால் உள்ளே இருப்பது சாதாரண பாசிவ் பிக்கப். நான் திறந்து பார்த்த ஒரு கிட்டாரில் பேட்டரி கிளிப்பின் சிவப்பு வயர் குழிக்குள் ஒரு டேப் துண்டுக்கு அடியில் போய் முடிந்திருந்தது. எதனோடும் இணைப்பே இல்லை. வாங்கியவர் மாதா மாதம் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கூடவே கொடுக்கும் வால்யூம் பாட்டின், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின், அடியையும் பாருங்கள். ஆக்டிவ் ஈஎம்ஜிக்கு 25கே (25 கிலோ ஓம்) வரும். 250கே, 500கே என்று இருந்தால் அது பாசிவ் பிக்கப்புக்கான பாட். சில போலிகளுக்குள் உண்மையாகவே ஒரு சர்க்யூட் இருப்பதும் உண்டு. அதற்கு மீட்டரை மைக்ரோ ஆம்பியரில் வைத்து, பேட்டரியோடு தொடராக இணைத்து அளக்கலாம். அசல் 81 குடிப்பது 80 மைக்ரோ ஆம்பியர் அளவுதான். பல மடங்கு ஏறினால் சந்தேகப்படுங்கள்.

இப்போது மூன்றாவது எதிராளி, விலையில் மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிற ஒன்று: கிப்சன் கிட்டார் கம்பெனியின் பழைய பிஏஎஃப். சேத் லவர் வடிவமைத்த இந்த ஹம்பக்கருக்கு 1955 ஜூனில் காப்புரிமை விண்ணப்பம் போனது. 1959 ஜூலையில் உரிமை கிடைத்தது. ஆனாலும் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது' (ஆங்கிலத்தில் அதன் சுருக்கம்தான் பிஏஎஃப்) என்ற பொன்னெழுத்துக் கறுப்பு ஸ்டிக்கர் 1962 வரை அடியில் ஒட்டப்பட்டது. அதன்பிறகு எண் போட்ட ஸ்டிக்கர் வந்தது. அதில் அச்சான 2,737,842 இந்தப் பிக்கப்பின் எண்ணே அல்ல. கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் டெயில்பீஸுக்கு, அதாவது கம்பிகளின் முனையைப் பிடித்திருக்கும் பாகத்துக்குக் கிடைத்த காப்புரிமை எண். ஹம்பக்கரின் சரியான எண் 2,896,491. அந்தக் காலத்து ஸ்டிக்கரில் இருக்க வேண்டியது தவறான எண்தான்!

ஜேபியில் கணக்குப் பிசகினால் சந்தேகம். பிஏஎஃப்பில் அதே பிசகு இயல்பு. தானாக நிற்கும் வசதி இல்லாத இயந்திரங்களில் கண் மதிப்பாகச் சுற்றியதால் 7 முதல் 9 கிலோ ஓம் வரை எதுவும் வரலாம். இரண்டு சுருளும் சமமாக இருக்க வேண்டியதில்லை. காந்தத்திலும் அல்நிகோவின் பல ரகங்கள் கலந்து கிடந்தன. ஆகவே எண் உதவாது, கண்தான் உதவும். கம்பி கருஞ்சிவப்பாக, ஊதா சாயலோடு இருக்க வேண்டும். செம்பு நிறத்தில் பளபளத்தால் பிற்காலத்தது. பாபின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் சதுரத் துளையும். அடித்தகட்டின் கால்களில் எல் வடிவ அச்சுத் தடம். ஸ்டிக்கரை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், அது தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது.

தம்பி கொடுத்த காசுக்கு ஒரு பழைய டங்கன் டிசைன்டோ, பெயர் இல்லாத நல்ல அல்நிகோ பிக்கப்போ கிடைத்திருக்கும். இரண்டில் எதுவானாலும் அந்தப் போலி ஜேபியை விட எனக்குச் சம்மதம். அடுத்த முறை வாங்கும் முன் விற்பவரிடம் லோகோவின் படம் கேட்காதே, கறுப்பிலும் வெள்ளையிலும் மீட்டர் ஊசி வைத்து எண் தெரிகிற மாதிரி ஒரு படம் கேள் என்று சொல்லி அனுப்பினேன். நேற்று ஒருவர் அப்படி ஒரு படம் அனுப்பியிருக்கிறாராம். 8.3 என்று இருக்கிறது. சிவப்பு-பச்சையையும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.