ரப்பர் புழு வார்க்கும் கிட்: காசு மிச்சமாகாது, ஆனாலும் வாங்கலாம்

தூண்டிலுக்கான ரப்பர் புழுவை வீட்டிலேயே வார்த்தால் செலவு குறையும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குறையாது. இங்கே டல்லாஸ் பக்கம் கடையில் 5 அங்குலக் குச்சிப்புழு (குச்சி மாதிரி நேரான ரப்பர் புழு) பத்து கொண்ட பாக்கெட் சுமார் 8 டாலர். நான் வாங்கிய தொடக்கக் கிட் 130 டாலர். அதில் இல்லாத, ஆனால் இல்லாமல் முடியாத சாமான்களுக்கு இன்னொரு 100 டாலர். ஒரு புழுவுக்கு அறுபது சென்ட் மிச்சம் என்று வைத்துக்கொண்டாலும், போட்ட பணம் திரும்ப நானூறு புழு வார்க்க வேண்டும். அதற்குள் நீங்கள் இரண்டாவது அச்சு வாங்கியிருப்பீர்கள். எல்லாரும் வாங்குகிறார்கள்.

பெட்டிக்குள் இருந்தவை: இரண்டு பாதியாகப் பிரிந்து போல்ட்டால் இறுகும் அலுமினிய அச்சு, ஒரு குவார்ட் (சுமார் ஒரு லிட்டர்) பிளாஸ்டிசால் என்ற வார்ப்புத் திரவம், பெரிய சிரிஞ்ச் மாதிரி ஓர் இன்ஜெக்டர், இரண்டு சாயக் குப்பி, கறுப்பு ஜிகினா ஒரு பொட்டலம். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் குறை சொல்லப்போகும் விஷயங்கள் இந்த விலையில் வரும் பல கிட்களுக்கும் பொருந்தும்.

அச்சுதான் இதில் முதல் தரம். இரண்டு பாதியும் இம்மி பிசகாமல் பொருந்துகின்றன. புழுவின் ஓரத்தில் பிசிறு வருவதில்லை, வளையங்கள் கூர்மையாக விழுகின்றன. ஒரு சின்ன விஷயம்: அச்சு குளிர்ந்திருந்தால் முதல் ஈட்டில் வரும் புழுக்களின் மேல் அலை அலையாகக் கோடு விழும். அவற்றைத் திரும்பக் கோப்பையில் போட்டு உருக்கிக்கொள்ளலாம். அதற்குள் அச்சும் சூடேறிவிடும்.

பிளாஸ்டிசால் என்பது பிவிசி தூளை மென்மையாக்கும் எண்ணெயில் கலந்த பால் நிறத் திரவம். எனக்கு வந்த குப்பியில் தூள் அடியில் கல்லாகப் படிந்திருந்தது. நன்றாகக் குலுக்கி, குச்சி விட்டுக் கிளறி, காற்றுக் குமிழி அடங்கும்வரை விட்டுவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் மேலே இருப்பதை மட்டும் ஊற்றினால் புழு கொழகொழவென்று வரும், குப்பியின் கடைசியில் வருவது செருப்பு ரப்பர் மாதிரி இருக்கும்.

காய்ச்சும் பதம்தான் முழு வித்தை. சூடேற ஏற முதலில் கெட்டியாகிக் கட்டி தட்டும், திகிலாக இருக்கும். அப்படியே கிளறிக் கிளறித் தொடர்ந்து சூடாக்கினால், 350 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது சுமார் 177 செல்சியஸைத் தொடும்போது பால் நிறம் போய்க் கண்ணாடி மாதிரித் தெளிந்து இளகி ஓடும். வார்க்க வேண்டியது அப்போது. இன்னும் நாலு நிமிடம் விட்டால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிக் கருகும். கருகும் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது தொண்டையை அறுக்கும், நுரையீரலுக்கு நல்லதல்ல. இவ்வளவும் சூட்டை நம்பி இருக்கும் வேலைக்குக் கொடுக்கும் கிட்டில் தெர்மாமீட்டர் இல்லை! கையேட்டில் “தெளியும்வரை சூடாக்கவும்” என்று ஒரே ஒரு வரி. சாயம் கலந்துவிட்டால் தெளிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? நிறம் மாறாமல் காக்கும் ஹீட் ஸ்டெபிலைசரும் கிட்டில் கிடையாது. எனக்கு இந்தக் கிட் மேல் இருக்கும் பெரிய கோபம் இதுதான்.

ஆகவே தனியாக வாங்க வேண்டியவை: தெர்மாமீட்டர், ஆர்கானிக் வேப்பர் (கரிம ஆவி), ஆசிட் கேஸ் (அமில வாயு) இரண்டையும் வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி, தடித்த கையுறை, சூடு தாங்கும் கண்ணாடி அளவுக்கோப்பை, அப்புறம் ஒரு பழைய மைக்ரோவேவ். அந்த மைக்ரோவேவில் பிறகு சோறு சூடாக்கக் கூடாது. இந்தப் புழு பிறந்ததே சமையலறையில்தான். 1949-ல் ஒஹாயோ மாநிலம் அக்ரனில் நிக் கிரீம் என்பவர் வீட்டு அடுப்பில் காய்ச்சித்தான் ஆரம்பித்தார். அந்தக் கம்பெனி பிறகு வந்து சேர்ந்தது இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் டைலருக்கு. இந்தச் சரித்திரத்தை நான் வீட்டில் எடுத்துச் சொன்னேன். “அவர் பொண்டாட்டி விட்டிருக்கலாம், நீங்க கராஜுக்குப் போங்க” என்று பதில் வந்தது. நியாயம்தான். கராஜ் கதவை முழுக்கத் திறந்து, முதுகுக்குப் பின்னால் மின்விசிறி வைத்துக்கொள்வதே சரி. பக்கத்தில் தண்ணீர் கூடாது. ஒரு சொட்டு கோப்பைக்குள் விழுந்தாலும் கொதிக்கும் பிளாஸ்டிக் தெறிக்கும்.

இன்ஜெக்டர் சுமார் ரகம். ஒரே சீராக அழுத்தி, நிரம்பிய பிறகும் சில விநாடி அழுத்தம் விடாமல் பிடித்தால் புழுவில் பள்ளம் விழாது. ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும் அல்லவா, அதற்கு ஈடாக உள்ளே போக இன்னும் கொஞ்சம் வேண்டும். உப்பு கலக்காதவரை வேலை செய்கிறது. உப்பு கலந்து சில ஈடு ஓட்டியதும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து பின்பக்கமாகக் கசிய ஆரம்பித்துவிட்டது. மாற்று வளையம் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

உப்பு வேண்டாமே என்றால் இந்த வகைப் புழுவுக்கு அது நடக்காது. மீனுக்கு அந்தச் சுவை பிடித்து வாயிலேயே வைத்துக்கொள்கிறது என்பார்கள், இருக்கட்டும். எனக்கு முக்கியம் எடை. உப்பு ஏறிய புழு ஈயக்குண்டு இல்லாமலே தூரம் போகும். நடுவில் முள் குத்திப் போட்டால் இரண்டு முனையும் நடுங்கிக்கொண்டே கிடையாக இறங்கும். மேசை உப்பு பருமன் அதிகம், கோப்பையின் அடியில் தங்கிவிடும். மாவாகப் பொடித்த உப்புதான் தேவை. உப்பு கூடக் கூடப் புழு சீக்கிரம் கிழியும்.

நான் இந்த வேலையை விடாமல் செய்வதற்குக் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எவ்வளவு உப்பு, எவ்வளவு மென்மை என்பதை நானே முடிவு செய்கிறேன். ஜனவரித் தண்ணீரில் கடைப்புழு விறைத்துப்போய் அசையாது. நான் சாஃப்ட்னர் (மென்மையாக்கும் எண்ணெய்) கூட்டி, உப்பைக் குறைத்து வார்ப்பது மெதுவாக, நெளிந்து இறங்குகிறது. கோடையில் புதருக்குள் போட இறுகலாக வேறொரு கலவை. லேக் ஃபோர்க்கில், 1992-ல் 18.18 பவுண்டு எடையில் டெக்சஸ் சாதனை பாஸ் மீன் பிடிபட்ட அதே ஏரியில், மூழ்கிக் கிடக்கும் மரங்களுக்கு நடுவே தெளிந்த தண்ணீரில் மெல்லிய பச்சை-பழுப்பு எடுபட்டது. அந்த நிறத்தை எந்த பாக்கெட்டிலும் நான் பார்த்ததில்லை.

கிழிந்த புழுக்களைச் சேர்த்து வைத்து உருக்கி மறுபடி வார்க்கலாம் என்பது உபரி லாபம். ஆனால் ஸீ-மேன் கம்பெனியின் எலாஸ்டெக் வகைப் புழு தவறியும் உள்ளே போகக் கூடாது. அது வேறு ஜாதி பிளாஸ்டிக். ஒரே பையில் கிடந்தாலே இரண்டும் ஒன்றோடொன்று கரைந்து கூழாகும். வார்த்த புழுக்களை நேராகப் படுக்கவைத்து ஆறவிடுங்கள். வளைந்து ஆறினால் வளைந்தேதான் நீந்தும்.

கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா பையன் கேட்டான், “அண்ணா, இது விராலுக்கு ஆகுமா?” பெரிதாக ஆகாது தம்பி. விராலின் பல் இந்த மென்மையான புழுவை ஒரே கடியில் துண்டாக்கிவிடும். அதற்குப் போடும் உள்ளீடற்ற ரப்பர் தவளையை இந்த அச்சில் வார்க்கவும் முடியாது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன்; அச்சுக்கு மட்டும் என்றால் ஐந்து. இரண்டாம் முறை வாங்குவதாக இருந்தால் கிட்டை விட்டுவிட்டு, அச்சைத் தனியாகவும், மாற்று வளையத்தோடு வரும் அலுமினிய இன்ஜெக்டரைத் தனியாகவும் எடுப்பேன். பிளாஸ்டிசால் ஒரு குவார்ட் போதும். சுமார் 100 புழு வரும். கேலன் விலை மலிவாகத் தெரியும். குப்பியைக் குலுக்கப்போகும் கையைக் கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.