கேம்பர்வேனில் ஆஸ்திரேலியக் கடலோரம்: விலங்குகளைப் பார்க்க எந்தப் பக்கம் போகலாம்?

உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்து ஆஸ்திரேலியக் கடலோரம் சுற்றக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பாதைகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். மெல்போர்னுக்குத் தென்மேற்கே கிரேட் ஓஷன் ரோடு, சிட்னியிலிருந்து கெய்ன்ஸ் வரை கிழக்குக் கரை, பெர்த்திலிருந்து வடக்கே எக்ஸ்மவுத் வரை மேற்குக் கரை. பீச், காபிக் கடை, சர்ஃபிங் என்று பார்த்தால் கிழக்கு எளிதாக ஜெயித்துவிடும். கங்காரு, கோலா, ஈமு, கடலாமை எல்லாம் கூண்டுக்கு வெளியே கண்ணில் பட வேண்டும் என்று போகிறவர்களுக்குக் கணக்கு வேறு.

அந்த ஊர் விலங்குகளில் பெரும்பாலானவை விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் மேயக் கிளம்பும். வேன் ஓட்டக் கூடாத நேரமும் அதேதான். கங்காரு எந்தப் பக்கத்திலிருந்து ரோட்டில் பாயும் என்று யாருக்கும் தெரியாது. மேற்கில் பல வாடகை ஒப்பந்தங்கள் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டவே தடை போடுகின்றன. மீறி இடித்தால் இன்ஷூரன்ஸ் கிடையாது. ஆக, பொழுது சாயும்போது வேன் எங்கே நிற்கிறதோ அங்கே இருப்பதுதான் உங்கள் கண்ணில் படும். மூன்று பாதைகளையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

கிரேட் ஓஷன் ரோடு மொத்தமே சுமார் 243 கி.மீ. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919-க்கும் 1932-க்கும் இடையில் மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் போட்ட பாதை. ஒரு வாரம் லீவு இருந்தால் நிதானமாகப் பார்த்துவிடலாம். கெனட் ரிவரில் வேனை நிறுத்திவிட்டு கிரே ரிவர் ரோட்டில் கொஞ்சம் நடந்தால், தைலமரக் கிளையின் கவட்டையில் கோலா உட்கார்ந்திருக்கும். நாளில் இருபது மணி நேரம் வரை தூங்கும் பிராணி என்பதால் அவசரமாக ஓடிவிடாது. ஆனால் ராத்திரி ஆண் கோலா குரல் கொடுத்தால் தூக்கிவாரிப் போடும். ஸ்டார்ட் ஆக மறுக்கும் பழைய புல்லட்டை யாரோ விடாமல் உதைப்பது போன்ற சத்தம் அது.

இந்தப் பக்கத்துக் கோலாக்களுக்கு ஒரு சோகக் கதையும் உண்டு. கேப் ஆட்வேயில் அவை அளவுக்கு மீறிப் பெருகி, தாங்கள் தின்னும் இலை உள்ள மரங்களையே மொட்டையடித்துப் பட்டினியில் கிடந்தன. 2013, 2014-இல் அரசாங்கமே நோயும் பசியுமாகக் கிடந்த சுமார் 700 கோலாக்களை ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்தது. அதே கோலா குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் 2022 முதல் அழியும் ஆபத்தில் உள்ள இனம். பழைய பயணக் குறிப்புகளை நம்பி கேப் ஆட்வேயில் மரத்துக்கு மரம் கோலாவைத் தேடாதீர்கள்.

வாரணம்பூல் ஊரைத் தாண்டியதும் வரும் டவர் ஹில்லைத் தவறவிடக் கூடாது. அணைந்துபோன எரிமலையின் வாய்க்குள் இருக்கும் காடு அது. காட்டை ஒரு காலத்தில் மொத்தமாக அழித்துவிட்டார்கள். மறுபடி நடும்போது எந்த இடத்தில் எந்தச் செடி இருந்தது என்று தெரிந்துகொள்ள, யூஜீன் வான் கெரார்ட் 1855-இல் வரைந்த ஓவியத்தை வைத்துப் பார்த்தார்கள். இப்போது ஈமு, கங்காரு, கோலா மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். குளிர்காலத்தில் போனால் லோகன்ஸ் பீச் மேடையில் நின்றே குட்டியோடு வரும் சதர்ன் ரைட் திமிங்கலத்தைப் பார்க்கலாம். படகுச் செலவு இல்லை. இந்தப் பாதையில் குறை என்றால் கூட்டம்தான். ரோட்டோரம் நிறுத்தித் தூங்கவும் முடியாது, வேன்களுக்கான கட்டண முகாமான கேரவன் பார்க்கில் இடம் எடுத்தே ஆக வேண்டும்.

கிழக்குக் கரையில் விலங்குக்குப் பஞ்சமில்லை, தூரம்தான் சிக்கல். சிட்னி–கெய்ன்ஸ் சுமார் 2,400 கி.மீ. இரண்டு வாரத்தில் முடிக்க நினைத்தால் பகல் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகக் கடப்பதிலேயே போய்விடும். நல்லவை பல ஹைவேயை விட்டு விலகித்தான் இருக்கின்றன. வாத்து அலகுள்ள பிளாட்டிபஸைப் பார்க்க மக்காயிலிருந்து உள்ளே ஏறி யுங்கெல்லா போக வேண்டும். கடைசிச் செங்குத்து ஏற்றத்தில் பெரிய வேன் மூச்சு வாங்கும். டிங்கோ என்ற காட்டு நாய்கள் இருக்கும் ககாரி தீவில் (முன்பு ஃப்ரேசர் ஐலண்ட்) நான்கு சக்கரமும் இழுக்கும் 4x4 அல்லாத வண்டிக்கு இடமே இல்லை. பண்டபர்க் அருகே மோன் ரெப்போஸில் நவம்பர் முதல் ஆமை முட்டையிடுவதைப் பார்க்க டிக்கெட் எடுத்து, ரேஞ்சர் கூப்பிடும்வரை ராத்திரி காத்திருக்க வேண்டும். காத்திருப்பது வீண்போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேன் நிற்கும் இடத்துக்கே விலங்கு வருவதென்றால் இந்தப் பக்கம் இரண்டு பெயர் சொல்வேன். ஒன்று கேப் ஹில்ஸ்பரோ, விடியலில் வாலபிகள் (சின்னக் கங்காருக்கள்) கடல் மணலில் இறங்கும் இடம். இன்னொன்று இன்னிஸ்ஃபெயில் அருகே எட்டி பே. அங்கே கேசோவரி என்ற பறக்காத பெரிய பறவை, நீலக் கழுத்தும் தலையில் கொண்டையுமாக, வேன்களுக்கு நடுவே ஏதோ சொந்த வீட்டு முற்றம் போல நடந்து போகும். காலில் கத்தி போன்ற நகம் உண்டு. போட்டோவுக்காகப் பக்கத்தில் போகிற வேலை வேண்டாம். அப்புறம், அந்த வட பகுதியில் கடலும் ஆறும் முதலை உள்ளவை. நவம்பர் முதல் மே வரை கொட்டும் ஜெல்லி மீன் வேறு.

மேற்குக் கரைதான் என் ஓட்டு. பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் சுமார் 1,250 கி.மீ. நடுவில் நீண்ட வெறுமை, ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள ரோடு ட்ரெயின் லாரிகள், பெட்ரோலுக்கு ரோட்ஹவுஸ் என்ற வழியோர பங்க்குகளை விட்டால் வேறு கதியில்லை. ஓவர்லாண்டர் ரோட்ஹவுஸிலிருந்து கர்னார்வன் வரை சுமார் 200 கி.மீ., நடுவில் வூரமெல் ரோட்ஹவுஸ் ஒன்றுதான். அலுப்பான ஓட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

வழியில் ஷார்க் பே. மங்கி மையாவில் காலையில் டால்பின்கள் கரைக்கு வருவது உலகப் பிரசித்தம். வந்தவர்கள் எல்லாம் இஷ்டத்துக்கு மீன் போட்ட காலத்தில் அதைத் தின்ற தாய் டால்பின்களின் குட்டிகள் அதிகம் பிழைக்கவில்லை. அதனால் இப்போது குறிப்பிட்ட சில பெண் டால்பின்களுக்கு மட்டும், தேவையில் ஒரு சிறு பங்கை, ரேஞ்சர்கள் முன்னிலையில் கொடுக்கிறார்கள். சிலருக்கு இது சர்க்கஸ் மாதிரி தோன்றலாம். எனக்கும் பாதி அப்படித்தான். இதே விரிகுடாவில் ஆழத்தில் சில டால்பின்கள் கடற்பஞ்சை மூக்கில் மாட்டிக்கொண்டு, மூக்கு கிழியாமல் மணலைக் கிளறி மீன் பிடிக்கின்றன. தாயிடமிருந்து குட்டி கற்கும் வித்தை அது.

எக்ஸ்மவுத்தை ஒட்டிய பவளப்பாறைக் கரையான நிங்கலூவில்தான் நிஜமான வித்தியாசம் தெரியும். கிழக்குக் கரையின் பவளப்பாறைத் தொடரான கிரேட் பேரியர் ரீஃபுக்குப் பெரும்பாலான இடங்களில் படகில் மணிக்கணக்காகப் போக வேண்டும். இங்கே டர்க்காய்ஸ் பேயில் வேனை நிறுத்தி, பீச்சின் தெற்குப் பக்கம் நடந்து, நீரில் இறங்கினால் நீரோட்டமே பவளப்பாறை மேல் இழுத்துச் செல்லும். மணல் திட்டு வருவதற்குள் கரையேறிவிட வேண்டும். அங்கே இழுப்பு பொல்லாதது. கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவுக்குள் கடலை ஒட்டியே முகாம்கள் இருக்கின்றன. யார்டி கிரீக் வரை தார் ரோடு, சாதாரண வேனே போதும். மாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கங்காருக்கள் புதருக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எழும். எக்ஸ்மவுத் ஊருக்குள்ளேயே ஈமு, கோடு போட்ட குஞ்சுகளோடு ரோட்டைக் கடக்கும். கூட வருவது அம்மா இல்லை, அப்பா. ஏறக்குறைய எட்டு வாரம் சரியாகச் சாப்பிடாமல் அடைகாத்தவரும் அவர்தான்.

மார்ச் முதல் ஜூலை வரை திமிங்கலச் சுறா. மேலே சிறு விமானம் தேடிச் சொல்ல, படகு உங்களை அதன் முன்னால் இறக்கிவிடும். ஒரு நேரத்தில் பத்துப் பேர்தான், உடலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி. 400 டாலருக்கு மேல் ஆகும். செலவு கையைக் கடிக்கும் என்றால் விட்டுவிடலாம், கரையிலிருந்தே போதுமானது கிடைக்கும்.

ஒரு வாரம்தான் லீவு, அதுவும் டிசம்பர்–ஜனவரி என்றால் மறு பேச்சில்லாமல் கிரேட் ஓஷன் ரோடு. அந்த மாதங்களில் எக்ஸ்மவுத் 40 டிகிரியைத் தாண்டும், புயல் பருவம் வேறு. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை இரண்டு வாரம் கிடைத்தால் மேற்கு. கிழக்கை முழுசாக ஓட்டுவதை விட, கெய்ன்ஸில் வேன் எடுத்து மக்காய் வரை மட்டும் போவது புத்திசாலித்தனம். எட்டி பே, ஹில்ஸ்பரோ, யுங்கெல்லா மூன்றும் அதற்குள் வந்துவிடும். ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விட்டால் தனிக் கட்டணம் போடுவார்கள், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேற்கு என்று முடிவானால் கேப் ரேஞ்ச் முகாமை முதலில் பதிவு செய்யுங்கள். பள்ளி விடுமுறை நாட்களுக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். அங்கே குடிதண்ணீரும் கிடையாது, கரண்ட்டும் கிடையாது. எக்ஸ்மவுத்திலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே போய்விடுங்கள்.