ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசனை அறை: ஒரு பயனாளியின் மதிப்பீடு

சென்னையிலுள்ள ஓர் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்துச் சிகிச்சை) மையத்தில் மாத்திரை வாங்கிவரும் தன்பாலீர்ப்பாளன் என்ற முறையில், அங்குள்ள ஆலோசனைச் சேவையைப் பற்றி எழுதுவது அவசியம் என்று கருதுகிறேன். எச்.ஐ.வி. தொற்று உறுதியானதும் எங்களில் பலர் காதலையும் உடலுறவையும் அத்தோடு தலைமுழுகிவிடுகிறோம்; அதற்குத் தேவையே இல்லை என்பதை ஆலோசகர் நிதானமாக விளக்கினார். மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையே நீடித்தால், உடலுறவு வழியாக இணைக்குத் தொற்று பரவாது. 2019இல் வெளியான பார்ட்னர்-2 ஆய்வில், ஏறத்தாழ 780 ஆண் ஜோடிகளிடையே, அவ்வாறு சிகிச்சையிலிருந்த துணையிடமிருந்து ஒரு தொற்றுகூடப் பரவியதாகக் கண்டறியப்படவில்லை. இதைக் கேட்டபோது என் துணைவர் கண்கலங்கிவிட்டார்.

ஆயினும் சிபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்களை இம்மாத்திரை தடுக்காது என்பதால், ஆணுறையைக் கைவிடும்படி ஆலோசகர் சொல்லவில்லை. ஓர் ஆணுறையை மேசைமீது பிரித்துவைத்து, பலரும் தடவும் தேங்காய் எண்ணெய் அதன் லேடெக்ஸ் ரப்பரை நலிவடையச் செய்து கிழித்துவிடும் என்றும், நீர் சார்ந்த ஜெல்தான் ஏற்றது என்றும் காட்டினார். "வெட்கப்படாம கேளுங்க தம்பி" என்று அவர் சொன்ன பிறகுதான் நாங்கள் வாய்திறந்தோம்.

ஆணுறை இலவசமாகக் கிடைக்கிறது. ஜெல்லை வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, அறைக்கதவு திறந்தே கிடப்பது. நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் சொல்வதால், மருத்துவமனை நிர்வாகம் இதை உடனே சரிசெய்ய வேண்டும்.