முகத்துக்குத் தாவர எண்ணெய்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

முகத்தில் தாவர எண்ணெய் பூசத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கன்னங்கள் வறண்டு செதில் செதிலாக உதிர, நெற்றியிலும் மூக்கிலும் மதியத்துக்குள் எண்ணெய் வழியும் கலப்புச் சருமம் என்னுடையது. ஒரு வாரம் பூசிப் பார்த்து எழுதப்படும் கருத்துகளை நம்பித் தொடக்கத்தில் பலமுறை ஏமாந்தேன். சருமத்தின் மேலடுக்கு புதுப்பிக்கப்படுவதற்கே ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும் என்பதை அறிந்த பிறகு, எந்த எண்ணெயையும் குறைந்தது ஆறு வாரம் பயன்படுத்தாமல் அதைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஆகவே, அந்த அளவுக்குப் பழகிய நான்கு எண்ணெய்களைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது ஆலிவ் எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட ஒரு கலவை. முதல் சில வாரங்கள் முகம் மெழுகியது போல மினுமினுத்தது. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் மூன்றாவது மாதத்தில் கன்னங்களில் நிலையான சிவப்பு படரத் தொடங்கியது. வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தது. எண்ணெய் இயற்கையானது, அதனால் தீங்கு வராது என்று உறுதியாக நம்பியிருந்ததால், முகம் கழுவும் ஜெல்லின் மீது பழியைப் போட்டு அதை இரண்டு முறை மாற்றினேன். எரிச்சல் போகவில்லை. எண்ணெயை நிறுத்திய பிறகுதான், மூன்று வாரத்தில் முகம் அமைதியடைந்தது.

காரணத்தைத் தேடியபோது, எண்ணெயின் பெயரைவிட அதிலுள்ள கொழுப்பு அமிலங்களின் விகிதமே முக்கியம் என்பது தெரிந்தது. ஆலிவ் எண்ணெயில் பாதிக்கு மேல் ஒலெயிக் அமிலம் உள்ளது. அது சருமத்தின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் கொழுப்புப் பூச்சைக் குலைக்கக்கூடியது. வளர்ந்தவர்களின் முன்கையில் சில வாரங்கள் எண்ணெய் தடவிப் பார்த்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. அதில் ஆலிவ் எண்ணெய் தடவிய இடத்தில் சருமத்தின் பாதுகாப்பு அடுக்கு நலிந்து லேசான சிவப்பும் ஏற்பட்டது, சூரியகாந்தி எண்ணெய் தடவிய இடத்தில் அவ்வாறு நேரவில்லை. சூரியகாந்தி எண்ணெயில் மிகுதியாக இருப்பது லினோலெயிக் அமிலம். அந்தக் கொழுப்புப் பூச்சிலுள்ள செராமைடுகள் என்னும் கொழுப்புகள் சிலவற்றுக்கு அதுவே கட்டுமானப் பொருள். அதே சூரியகாந்தியிலும் ஒலெயிக் அமிலம் மிகுந்த வகை ஒன்று பயிரிடப்படுகிறது என்பதால், பெயரை மட்டும் பார்த்து வாங்குவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

அந்தப் புரிதலோடு தேர்ந்தெடுத்தது ரோஸ்ஹிப் எண்ணெய், அதாவது காட்டு ரோஜாக் காயின் விதையிலிருந்து எடுக்கப்படுவது. அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு லினோலெயிக், ஆல்ஃபா-லினோலெனிக் அமிலங்களே. ஐந்தாவது வாரத்தில் கன்னத்தில் செதில் உதிர்வது நின்றது. இது நான் ஐயமின்றிச் சொல்லக்கூடிய பலன். பருத் தழும்புகளின் கருமையும் மெல்லக் குறைந்தது. ஆனால் அதே காலத்தில்தான் நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசவும் தொடங்கினேன் என்பதால், அந்தப் பெருமையை எண்ணெய்க்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த எண்ணெயில் வைட்டமின் சி நிறைந்திருப்பதாகப் பல இடங்களில் எழுதியிருக்கும். வைட்டமின் சி நீரில் கரைவது, பழத்தின் சதையில் இருப்பது, விதை எண்ணெயில் அது வந்து சேர வழியில்லை.

ரோஸ்ஹிப்பின் பெரிய குறை, அது விரைவில் கெட்டுப்போவது. அதன் நன்மைக்குக் காரணமான அதே கொழுப்பு அமிலங்கள் காற்றும் வெளிச்சமும் பட்டால் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. செலவு குறையும் என்று எண்ணிப் பெரிய பாட்டிலாக வாங்கிக் குளியலறை அலமாரியில் வைத்திருந்தேன். ஆறாவது மாதத்தில் பழைய பெயின்ட் போன்ற சிக்கு வாடை அடித்தது. வீணாக்க மனமின்றித் தொடர்ந்து பூசினேன். தாடையோரம் சிறு சிறு கொப்புளங்களாகக் கிளம்பின. இப்போது அடர் நிறக் கண்ணாடியில் அடைத்த சிறிய பாட்டிலை மட்டும் வாங்கி, திறந்த தேதியை அடியில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளங்கையில் விட்டு முகர்ந்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோகிறேன்.

அதற்கு நேர்மாறானது ஜோஜோபா என்னும் புதரின் விதை எண்ணெய். முறைப்படி சொன்னால் அது எண்ணெயே அன்று, திரவ நிலையிலுள்ள மெழுகு. நம் சருமம் சுரக்கும் சீபம் என்னும் எண்ணெய்ப் பசையிலும் ஏறத்தாழ கால் பங்கு இத்தகைய மெழுகு எஸ்டர்களே என்பதால் முகத்தில் அது உறுத்தாமல் பொருந்துகிறது. ஒன்றரை ஆண்டு திறந்திருந்த பாட்டிலும் வாடை மாறவில்லை. ஜோஜோபா பூசினால் சருமம் ஏமாந்து தன் எண்ணெய்ச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும் என்று சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சீபச் சுரப்பை ஆள்வது ஹார்மோன்கள். என் நெற்றியில் எண்ணெய் வழிவது எள்ளளவும் குறையவில்லை.

நான்காவது, ஆலிவிலிருந்தோ கரும்பிலிருந்தோ பெறப்படும் ஸ்குவாலேன். முன்பு இது பெரும்பாலும் சுறாமீனின் ஈரலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதால் மூலப்பொருளைக் கேட்டறிந்து வாங்குவது நல்லது. நான்கிலும் மிக இலேசானது இதுவே. நெற்றியில் அரிப்புடன் பொரிப்பொரியாக எழும் நாட்களிலும் இது தொந்தரவு தருவதில்லை.

எந்த எண்ணெய் என்பதைவிட, எப்போது, எவ்வளவு பூசுகிறோம் என்பதில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன். எண்ணெயில் தண்ணீர் இல்லை. ஆகவே அது சருமத்துக்கு ஈரத்தைத் தருவதில்லை, இருக்கும் ஈரம் வெளியேறாமல் மூடி வைக்கிறது, அவ்வளவே. காய்ந்த முகத்தில் நேரடியாகப் பூசியிருந்த நாட்களில், மேலே பளபளப்பும் உள்ளே இறுக்கமும் சேர்ந்தே இருந்தன. இரவில் முகம் கழுவி, ஈரம் முழுதும் காய்வதற்குள் கிளிசரின் கலந்த மாய்ஸ்சரைசரைப் பூசி, அதன்மேல் மூன்றே துளி எண்ணெயை உள்ளங்கையில் பரப்பி முகத்தில் ஒற்றுவது என்று மாற்றிய பிறகுதான் உண்மையான வேறுபாட்டைக் கண்டேன். பகலில் பூசுவதில்லை, சன்ஸ்கிரீன் அதன்மேல் சீராகப் படியாமல் திட்டுத்திட்டாக நகர்கிறது.

துளைகளை அடைக்கும் தன்மைக்கு 0 முதல் 5 வரை எண் கொடுக்கும் பட்டியலை வைத்துப் பலர் தேர்வு செய்கிறார்கள். அந்த எண்களில் பல முயலின் காதில் செய்த சோதனைகளிலிருந்து வந்தவை. மனித முகத்துக்கு அவை அப்படியே பொருந்தா. நான் நம்புவது முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரத்துக்கும் மேலாகத் தினமும் தடவிப் பார்க்கும் சோதனையை. நறுமணத்துக்காக லாவெண்டர், எலுமிச்சை வகை வாசனை எண்ணெய்கள் சேர்த்த கலவைகளையும் தவிர்க்கிறேன். அவற்றிலுள்ள லினலூல், லிமோனீன் ஆகியவை காற்றுப் பட்டு மாறும்போது ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை.

சென்ற ஆண்டு, இவை அனைத்தும் பழக்கத்தின் மயக்கமோ என்ற ஐயம் எழுந்தது. ஒரு மாதம் முகத்தின் இடப்பக்கத்தில் மட்டும் எண்ணெயை நிறுத்தி, மற்றவை எதையும் மாற்றாமல் பார்த்தேன். இரண்டாவது வாரத்தில் இடது கன்னத்தில் செதில் மீண்டும் எழுந்தது. வலது கன்னம் அப்படியே இருந்தது. நெற்றியிலும் மூக்கிலும் இரு பக்கங்களுக்கும் இடையே எந்த வேறுபாடும் தெரியவில்லை. அன்று முதல் கன்னங்களிலும் தாடையோரத்திலும் மட்டுமே பூசுகிறேன். மூன்று துளி இரண்டாகக் குறைந்திருக்கிறது.